ஆசிரியர்களுக்கு இணைய வழியில் கைகொடுக்க வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் செல்போனையும் கம்ப்யூட்டரையும் பாடத்துக்குப் பயன்படுத்தப் பழக்கிவிடும் சிறு குழு எங்களுடையது. ஒரு ஆசிரியருக்கு ஒரு தன்னார்வலர், வாரம் ஒரு வீடியோ அழைப்பு. இவ்வளவுதான் ஏற்பாடு. நான் மன்னார்குடிப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வருகிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் ஆசிரியர் இல்லை, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வரலாமா?

தாராளமாக வரலாம். எங்களிடம் வங்கி ஊழியர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், கல்லூரி மாணவி இருக்கிறார். பாடம் நடத்துவது டீச்சரின் வேலை, அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னத்தை எப்படிப் புரியவைப்பது என்று நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டாம். ஒரு வட்டத்தைத் திரையில் நாலாக, எட்டாக வெட்டிக் காட்ட ஜியோஜீப்ரா என்ற கணக்குச் செயலியில் வழி இருக்கிறது, அது இலவசம், தமிழிலும் வரும் என்று காட்டினால் போதும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

எனக்கே கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாதே?

செல்லில் தொலைந்துபோன ஒரு பி.டி.எஃப். கோப்பைத் தேடி எடுக்கத் தெரியுமா? கூகுள் ஃபார்மில் ஐந்து கேள்வி போடத் தெரியுமா? தெரியாததைக் கேட்டால், "தெரியல டீச்சர், பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்ல வருமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வாங்க. மூன்றாவது இல்லாதவரைத்தான் நாங்கள் யோசித்துச் சேர்க்கிறோம். எல்லாம் தெரிந்தவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு காலத்தில் தெரியாமல் தடுமாறியது மறந்துபோயிருக்கிறது. "இது ஈசிதானே" என்ற ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் அப்புறம் சந்தேகமே கேட்க மாட்டார்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? நான் வெளிநாட்டில் இருக்கிறேன்.

முக்கால் மணி நேர அழைப்பு ஒன்று. நடுவில் வாட்ஸ்அப்பில் வரும் சின்னச் சந்தேகங்களுக்கு மொத்தம் ஒரு அரை மணி. கூகுள் மீட்டில் காசு கட்டாத கணக்கென்றால் மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு மணி நேரத்தில் அழைப்பு முடிந்துவிடும். இருவர் மட்டும் பேசினால் அந்தத் தொல்லை இல்லை.

நம் ஆசிரியைகள் பெரும்பாலும் சமையல், பிள்ளைகள் படிப்பு எல்லாம் முடித்துவிட்டு இரவு எட்டரைக்குத்தான் உட்கார முடியும். துபாயில் அப்போது மணி ஏழு, பிரச்சினையில்லை. சிங்கப்பூரில் பதினொன்று ஆகிவிடும், அங்கிருப்பவர்கள் சனிக்கிழமை காலையை வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைத் தாள் திருத்தும் வாரங்களிலும் தேர்தல் வேலை வரும்போதும் அழைப்பை நீங்களே முன்வந்து தள்ளிப்போடுங்கள்.

அரசாங்கமே பயிற்சி கொடுக்கிறதே, நாம் எதற்கு?

கொடுக்கிறது, நிறையவே கொடுக்கிறது. பாடங்களும் ஆசிரியர் பயிற்சிகளும் இருக்கும் மத்திய அரசின் திக்ஷா தளம் 2017-இல் வந்தது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சாகியே வந்தது. கல்வித் தொலைக்காட்சி 2019-இல், தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல், பாட வீடியோக்கள் இருக்கும் மணற்கேணி செயலி 2023-இல். வட்டார வள மையத்தில் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. இதற்கெல்லாம் மாற்றாக நாம் போய் நிற்கவில்லை.

பயிற்சி முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு வருகிற தனிமைக்குத்தான் நாம். ஒரு டீச்சர் தன் நோட்டைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். பயிற்சியில் சொன்ன 11 படிகளை நீல மையில் வரிசையாக எழுதி, சில இடங்களில் பட்டனின் படத்தையும் வரைந்து வைத்திருந்தார். நாலாவது படியில் 'கீழே இடது மூலை' என்று இருந்தது. செயலியைப் புதுப்பித்ததில் அந்தப் பட்டன் மேலே போய்விட்டது. அதற்கு மேல் அவரால் நகர முடியவில்லை. பள்ளியில் இருப்பது இரண்டே ஆசிரியர்கள், இன்னொருவருக்கும் தெரியாது. எண்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கேட்கக் கூச்சம். அந்த நோட்டை எழுதியவருக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவருக்கு வேண்டியிருந்தது கூச்சப்படாமல் கேட்க ஒரு ஆள்.

முதல் அழைப்பில் எதிலிருந்து தொடங்குவது?

எந்தச் செயலியையும் திறக்காதீர்கள். "அடுத்த வாரம் என்ன பாடம் டீச்சர்? அதுல எதை நடத்தக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேச விடுங்கள். முதல் அழைப்பு முழுக்க அவர் வகுப்பைப் பற்றியே பேசினாலும் சரி.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு டீச்சர் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்க நினைத்தார். வீட்டில் தாத்தா பாட்டியிடம், அந்தக் காலத்தில் என்ன நெல் போட்டீர்கள் என்று கேட்டு அவர்கள் குரலைப் பதிவுசெய்து வர வேண்டும். பழைய நெல் ரகங்களைப் பற்றி நிறையப் பேசுகிற ஊர் அது, பாட்டிகளுக்குச் சொல்ல விஷயம் இருந்தது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, தூயமல்லி என்று பதிவுகள் வந்து சேர்ந்தன. பிறகுதான் சிக்கல். செல்லில் எல்லாக் கோப்பும் வெறும் எண்ணாகவே இருந்தது, எது யார் பாட்டி என்று தெரியவில்லை. அந்த வாரத்து அழைப்பு முழுவதும் கோப்புக்குப் பெயர் மாற்றுவது ஒன்றிலேயே போனது. எங்கள் தன்னார்வலர், "இன்னிக்கு ஒண்ணுமே கத்துக் குடுக்கலையே சார்" என்று வருத்தப்பட்டார். ஆனால் பெயர் வைக்க, ஃபோல்டர் போட, தேடி எடுக்கத் தெரிந்த பிறகு அந்த டீச்சருக்கு மற்றதெல்லாம் வேகமாக வந்தது. இப்போது தன் செல்லில் இருக்கிற எந்தப் பாடத்தையும் அரை நிமிஷத்தில் எடுத்துவிடுகிறார்.

பாடத்திட்டம் ஏதும் உண்டா?

கிடையாது. யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட, ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் திறன்களின் வரையறை ஒன்று இருக்கிறது. 18 திறன்கள், மூன்று நிலைகள். நேரம் இருந்தால் நீங்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அதை டீச்சர் முன்னால் விரித்து, "நீங்க இந்த நிலையில இருக்கீங்க" என்று சொல்ல வேண்டாம்.

நானே செய்து கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடியுமே?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நானே செய்த தவறு இது.

முதல் வருஷம், வேதாரண்யம் பக்கம் ஒரு டீச்சருக்கு நான் துணையாக இருந்தேன். காலாண்டு மதிப்பெண் பட்டியலை ஷீட்டில், அதாவது தானே கணக்குப் போடும் கம்ப்யூட்டர் அட்டவணையில், போட வேண்டும் என்றார். கோப்பை எனக்கு அனுப்பச் சொல்லி, கூட்டல், சராசரி, வண்ணம் எல்லாம் போட்டு இருபது நிமிடத்தில் திருப்பி அனுப்பினேன். ரொம்ப நன்றி சார் என்றார். அரையாண்டிலும் அப்படியே. முழு ஆண்டுத் தேர்வு நேரத்தில் எனக்குக் கண் ஆபரேஷன், ஒரு மாதம் திரையைப் பார்க்கக் கூடாது. அவர் பழைய பட்டியலையே எடுத்துப் புது மதிப்பெண்களைப் போட்டிருக்கிறார். நடுவில் மூன்று பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். சூத்திரம் 24-ஆவது வரிசையோடு நின்றுவிட்டது. கடைசி மூன்று பேருக்கு மொத்தம் வரவில்லை, வகுப்புச் சராசரி தப்பாக வந்தது. காரணம் தெரியாததால் எதையுமே நம்ப முடியாமல், கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை எல்லாருக்கும் கையாலேயே கூட்டியிருக்கிறார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மாதக்கணக்கு கழித்து நானாகக் கேட்டபோதுதான் சொன்னார். முப்பது வருஷம் கணக்கு நடத்தியவன் நான். பிள்ளையின் நோட்டில் நானே விடையை எழுதிக் கொடுத்ததில்லை. டீச்சருக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரே ஒரு கண்டிப்பு: அழுத்துகிற விரல் டீச்சருடையதாக இருக்க வேண்டும். திரையைப் பகிர வேண்டியவர் அவர். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே 2023-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஆனால் பகிரும் முன் வங்கிச் செயலியை மூடிவிட்டு, வரும் செய்திகள் திரையில் தோன்றாதபடி செய்துகொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். "மேல வலது பக்கம் மூணு புள்ளி தெரியுதா டீச்சர்? அதைத் தொடுங்க." சொன்ன பிறகு சும்மா இருங்கள். அந்த அமைதி உங்களுக்கு நீளமாகத் தெரியும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் அதே வேலையை நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அவர் செய்ய, நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.

தமிழ்த் தட்டச்சில்தான் எல்லாரும் சிக்குகிறார்களாமே?

ஆமாம். கதை இப்படிப் போகும். வீட்டு லேப்டாப்பில் பாமினி எழுத்துருவில் வினாத்தாள் அடித்து, பென்டிரைவில் போட்டு, ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பக்கம் முழுக்க வரும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை நழுவிவிடும். யூனிகோட் என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில் 'க' என்றால் உள்ளேயும் 'க'தான், எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். தமிழ்நாடு அரசும் 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இதை ஒருமுறை விளக்கினால் போதும், ஆசிரியர்கள் பிடித்துக்கொள்வார்கள். தங்கள் மேல் தப்பில்லை என்று தெரிவதே அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

விசைப்பலகை விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். தமிழ் 99 நல்ல அமைப்பு. 1999 தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்றது. 'க'வை இரண்டு முறை அடித்தால் தானாகவே 'க்க' வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதையே சொல்லுங்கள். ஆனால் நம் ஆசிரியர்களில் பலர் அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள். அந்தக் கை பழகியதைக் கலைக்காதீர்கள். என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு முறை, பாமினி முறை இரண்டிலும் அடித்து யூனிகோடாகவே பெறலாம். கும்பகோணத்தில் ஐம்பத்தைந்து வயது தலைமையாசிரியர் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் வேகம் அவருக்கு. கம்ப்யூட்டரில் மட்டும் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார். விசைப்பலகை அமைப்பை மாற்றிக் கொடுத்ததும் ஒரு பத்தியை நிற்காமல் அடித்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லில் அடிப்பவர்களுக்கு கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசி எழுதும் வசதியைக் காட்டுங்கள். ஒற்று மட்டும் சரிபார்க்க வேண்டியிருக்கும், அது தமிழாசிரியர்களுக்குச் சிரமமில்லை.

சிக்னலும் கரண்டும் இல்லாத ஊர்களில் எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழையில் அழைப்பு விட்டு விட்டு வரும் என்று முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் பேசுங்கள். அதுவும் போனால் ஒரு நிமிடக் குரல் செய்தியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் போதும். அம்பு போட்டுக் காட்டிய படம் பத்து நிமிடப் பேச்சுக்குச் சமம். திக்ஷாவில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் வகுப்பில் நெட் இல்லாமலே ஓடும். இதைத் தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

செல்லில் 'இடமில்லை' என்று வருவது சிக்னலைவிடப் பெரிய தொல்லை. காலை வணக்கப் படங்களும் குழு வீடியோக்களும் நிரம்பியிருக்கும். தானாகப் படம் இறங்குவதை நிறுத்திவிடக் கற்றுக் கொடுப்பது நல்ல முதல் பாடம்.

புயல் அறிவிப்பு வந்தால் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறிய பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர்கள் இவை. பத்திரமாக இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

டீச்சர் தன் ஈமிஸ் கடவுச்சொல்லைக் கொடுத்து, "நீங்களே ஏத்திடுங்க தம்பி" என்கிறார்.

வாங்காதீர்கள். கடவுச்சொல், ஓ.டி.பி. எதுவும் உங்களுக்குத் தெரியக் கூடாது. அவர் சொல்ல ஆரம்பித்தாலே நிறுத்திவிடுங்கள். ஈமிஸ் என்பது மாணவர் விவரங்கள் இருக்கும் அரசுத் தளம். திக்ஷா பயிற்சியின் முடிவில் வரும் வினாடி வினாவையும் அவருக்காக எழுதிக் கொடுக்காதீர்கள். "உங்கள நம்பாம இல்ல டீச்சர், யாருக்குமே சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணமோசடி என்றால் உடனே 1930-க்கு அழைக்கச் சொல்லி, அந்த எண்ணை அவர் செல்லில் பதிய வையுங்கள்.

பிள்ளைகளின் படம், வீடியோ?

நமக்கு எதற்கு? வகுப்பில் நடந்ததைக் காட்ட ஆசையாக அனுப்புவார்கள். பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள், வேறு எங்கும் போடாதீர்கள். 2023-இல் வந்த மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான், அவர் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். முகம் தெரியாமல், கரும்பலகையும் கைகளும் மட்டும் தெரியும்படி எடுக்கப் பழக்குங்கள். பிள்ளைகளோடு நீங்கள் நேரடியாகப் பேசவே வேண்டாம்.

ஏஐ பற்றிக் கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பிள்ளைகளின் அண்ணன், அக்கா எல்லாம் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் முதல் பாடமே சரிபார்ப்பது எப்படி என்பதாக இருக்கட்டும். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள், தன் ஊரைப் பற்றியே கேட்கட்டும். பூதலூர்ப் பக்கம் ஒரு ஆசிரியர் காவிரி அணைகளைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒன்றில், முக்கொம்பு மேலணையைக் கட்டியவர் கரிகாலன் என்று விடை வந்தது. கரிகாலன் பெயரோடு நிற்பது கல்லணை. மேலணை 1836-இல் ஆர்தர் காட்டன் தொடங்கியது. மற்ற நாலும் சரியாக இருந்ததால் இதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும், கவனம் அங்கேதான் வேண்டும். அவர் அந்தத் தப்பான விடையையே மறுநாள் வகுப்பில் எழுதிப் போட்டு, இதில் என்ன பிழை என்று கேட்டார். கல்லணைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், விடுவார்களா!

இரண்டு வாரமாக டீச்சர் பதிலே அனுப்பவில்லை. ஆர்வம் போய்விட்டதா?

பெரும்பாலும் அப்படி இருக்காது. வாக்காளர் பட்டியல் வேலை வந்திருக்கும், வீட்டில் காதுகுத்து இருக்கும், மாமியாருக்கு உடம்பு முடியாமல் இருக்கும். இதைவிட அதிகம் நடப்பது இன்னொன்று: போன வாரம் சொன்னதைச் செய்து பார்க்கவில்லை, எப்படி முகத்தில் விழிப்பது என்ற சங்கடம். பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் கேட்டே பழகியவர்களுக்கு அது கூடுதலாகவே இருக்கும். "என்ன ஆச்சு?" என்று கேள்வியாக அனுப்பாதீர்கள். குரல் செய்தியாக, "டீச்சர், செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு நான் சும்மாதான் இருப்பேன். செஞ்சு பார்க்கலன்னாலும் பரவாயில்ல, சேர்ந்தே செஞ்சிடலாம்" என்று அனுப்புங்கள். ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

எப்படிக் கூப்பிடுவது?

வயது எதுவானாலும் டீச்சர், சார். அவர்கள் உங்களைத் தம்பி, பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் நல்லது. நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், உங்கள் அலுவலகப் பழக்கம் இங்கே உறுத்தும்.

சம்பளம், சான்றிதழ்?

இரண்டும் இல்லை. ஆசிரியர்களும் உங்களுக்குப் பணமாக எதுவும் தரக்கூடாது. நேரில் பார்க்கப் போனீர்களென்றால் சாப்பிடாமல் விட மாட்டார்கள், அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை.

எவ்வளவு காலம்? எப்போது முடிந்தது என்று தெரிந்துகொள்வது?

ஒரு கல்வியாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னாலேயே சிலருக்கு நம் தேவை இருக்காது. முத்துப்பேட்டை டீச்சர் ஒருவர் ஒரு நாள் அழைத்தார். "சார், பக்கத்து ஸ்கூல் டீச்சருக்கு நான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். அவங்க போன்ல அந்தப் பட்டனையே காணோம், எங்க இருக்கும்?" சொன்னேன். "சரி சார், நான் சொல்லல, அவங்களையே தேடச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அந்த மாதமே அவரோடு வாராந்திர அழைப்பை நிறுத்திக்கொண்டோம்.

சரி, சேர என்ன செய்ய வேண்டும்?

எங்கள் தன்னார்வலர்களில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக இரண்டு நிமிடக் குரல் செய்தி அனுப்புங்கள், தமிழில். படிப்பு, வேலை விவரம் எல்லாம் வேண்டாம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ செல்லில் ஏதாவது ஒன்றைக் கற்றுக் கொடுத்திருப்பீர்கள். என்ன கற்றுக் கொடுத்தீர்கள், எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது, நடுவில் எரிச்சல் வந்ததா, இப்போது அவர்களாகச் செய்கிறார்களா, இதைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு நானே உங்களை அழைக்கிறேன்.